காற்று வேண்டாத உயிர்

இன்று காலை விளக்கேற்றத் தீக்குச்சியை உரசினேன். குப்பென்று கந்தக வாசம். குச்சி அணையும்வரை நீ என் பக்கத்தில் நின்றாய்.

நாத்தனார் என்ற பேருக்கே பொருந்தாதவள் நீ. மண்டபம் ஊரில் நாம் ஒன்றாக இருந்த வருஷம், நீ வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துச் சூட்டுப்பெட்டி பழுதாகிவிட்டதென்று ஒரு கண்ணாடிப் புட்டியை முந்தானையில் பொதிந்து என் அடுப்படிக்கே கொண்டுவந்தாய். உள்ளே வெந்நீர் ஊற்றில் எடுத்த கிருமி. கந்தகமும் ஹைட்ரஜனும்தான் அதற்குச் சோறாம். நாம் விரல் வைத்தால் கொப்புளிக்கிற சூட்டில்தான் பெருகுமாம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக உன் சேலையெல்லாம் அழுகின முட்டை நாற்றம்!

"எல்லாத்துக்கும் கணக்கு எழுதுற மதினி, இந்தச் சீவனையும் உன் சாமி கணக்குல ஏத்திக்க" என்று சிரித்தாய்.

பானைத் தண்ணீரில் புட்டியை நிறுத்தி, சூடு தணியாமல் விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக நான் உட்கார்ந்திருந்தேன். உன் ஆத்தாவுக்குத்தான், என் அத்தைக்குத்தான், மனசு கேட்கவில்லை.

"ஏத்தா, உசுருங்கிறே, இப்படி இறுக்கி அடைச்சு வச்சிருக்கியே. மூச்சு முட்டாதா?" என்று மூடியில் கை வைத்துவிட்டார். நீ பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாய்.

"ஐயோ ஆத்தா! காத்துப் பட்டாத்தான் அது செத்துப்போகும்!"

"காத்துல சாகுற உசுரா? போடி, படிச்ச கிறுக்கி."

அன்று சாமி கும்பிடும்போது நெடுநேரம் நின்றேன். காற்றையும் வெயிலையும் தந்து காக்கிறவன் என்றே அவனை நினைத்திருந்தேன். அவை எட்டாத இடத்திலும் அவன் படியளக்கிறான்.

பிறகு உன் நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் இழுத்து இழுத்துத்தான் மூச்சு வந்தது. "அந்தப் புட்டிக்குள்ள இருந்தது குடுத்து வச்சது, மதினி" என்றாய். இராமநாதசாமியிடம் உனக்காக நான் கேட்டதெல்லாம் காற்று ஒன்றுதான். அவன் தரவில்லை. ஏனென்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

நடுவீட்டில் உன்னைக் குளிர்பெட்டிக்குள் கிடத்திக் கண்ணாடி மூடியை இறக்கினார்கள். அத்தை அந்த மூடியில் கை வைத்தார்.

"தெறந்து விடுங்கப்பா. எம்புள்ளைக்கு மூச்சு முட்டும்."

பாய்ந்து வந்து பிடிக்க நீ இல்லை. நான்தான் பிடித்தேன்.

அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போதும் கொதிக்கிற பானையின் மூடியைத் தூக்கப் போனால், என் கை அப்படியே நின்றுவிடுகிறது. உன் குரலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் திறக்கிறேன்.