அண்ணன் ஃபோனுக்கு வரும் கோட்

மார்ச் 4, செவ்வாய்
கம்ப்யூட்டர் இன்று மூன்று முறை நீலத் திரையைக் காட்டிவிட்டு அணைந்தது. கடைக்காரர் வந்து பார்த்தார். "விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசா போடணும்மா. டிஸ்க்கும் போகப்போகுது, மாத்திடலாம். அதுக்கு முன்னாடி உங்க தையல் பேட்டர்ன் சாஃப்ட்வேர்ல ஆக்டிவேஷனைத் திருப்பிக் குடுத்திடுங்க. இல்லேன்னா புது டிஸ்க்குல திறக்காது."

திருப்பிக் கொடுக்க ஒரே ஒரு பட்டன்தான். அழுத்தினால், பதிவு செய்தவரின் ஃபோனுக்கு ஆறு எண் கோட் போகும். பதிவு அண்ணன் பெயரில். அண்ணனோடு பேசி மூன்று வருடம் ஆகிறது.

மார்ச் 5
அழுத்தவில்லை.

மார்ச் 6, வியாழன்
பேட்டர்ன்களோடு ஆக்டிவேஷன் ஃபோல்டரையும் அப்படியே பென் டிரைவில் காப்பி எடுத்தேன். பிறகு திருப்பிப் போட்டால் போதும் என்று இணையத்தில் எவனோ எழுதியிருக்கிறான். கடைக்காரரிடம் "பட்டனை அழுத்திட்டேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு கோட் கேட்க இவ்வளவு ரோஷமா? ரோஷம் இல்லை, பயம். அம்மா போனதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. கடைசி மாதம் எட்டிக்கூடப் பார்க்காதவன்தானே என்ற ஆத்திரத்தில், வேண்டுமென்றே சொல்லவில்லை. எல்லாம் முடிந்து இரண்டாம் நாள் யாரோ மூன்றாம் மனுஷர் சொல்லித் தெரிந்துகொண்டான். இப்போது எந்த முகத்தோடு —

மார்ச் 8, சனி
விண்டோஸ் சமர்த்து. எதுவும் கேட்காமல் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது. பேட்டர்ன் சாஃப்ட்வேர்தான் அசையவில்லை. ஃபோல்டரை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். 'இது வேறு கணினி, பதிவு செய்தவரின் ஃபோனுக்கு வரும் கோடைப் போடவும்' என்கிறது. அவனும் நானும் எட்டு வருடம் சேர்ந்து போட்ட பேட்டர்ன்கள், சட்டை, பாவாடை, குழந்தை உடுப்பு, எல்லாம் அதற்குள். ஒன்றும் திறக்காது. வெள்ளிக்கிழமை தையல் ஃபேக்டரிக்குச் சீருடை பேட்டர்ன் போயாக வேண்டும். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஃபோன் செய்தால், பதிவு செய்தவர்தான் பேச வேண்டுமாம்.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்னம்மா?" என்றாள் மகள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மார்ச் 10, திங்கள்
எட்டு முறை அடித்து அழித்து, கடைசியில் போனது இதுதான்: "அண்ணா, சாஃப்ட்வேர் கோட் இப்ப உன் ஃபோனுக்கு வரும். அனுப்பு." மன்னிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

மூன்றாம் நிமிடம் ஆறு எண் வந்தது. வெறும் எண். அதன் பிறகு 'டைப்பிங்' என்று காட்டியது. எழுதுகிறான், நிறுத்துகிறான், மறுபடி எழுதுகிறான். திட்டப்போகிறானா? திட்டட்டுமே. அதாவது வரட்டும். ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நின்றுவிட்டது. ஒன்றும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் கோட் செல்லுபடியாகும் பத்து நிமிடம் முடிந்திருந்தது. எனக்குன்னு வாய்க்குது பாரு!

மார்ச் 11
இன்னொரு கோட் கேக்கணும். நேத்துதானே அனுப்பினேன்னு கேப்பான். நீ என்னமோ எழுதினியே, அதுக்காகக் காத்திருந்துட்டேன்னு சொல்லலாம். சொல்லணும். நாளைக்குச் சொல்றேன்.

மார்ச் 12, புதன்
"கோட் காலாவதி ஆயிடுச்சு. இன்னொண்ணு வேணும்." அவ்வளவுதான் எழுதினேன். பார்த்துவிட்டான்.

மார்ச் 13, வியாழன்
மதியம் அண்ணனிடமிருந்து வந்தது:

"கம்பெனிக்காரங்ககிட்ட பேசி எல்லாத்தையும் உன் பேருக்கு மாத்திட்டேன். இனிமே கோட் உன் ஃபோனுக்கே வரும். என்கிட்ட கேட்டுக் கஷ்டப்பட வேண்டாம்."

கோட் என் ஃபோனுக்கே வந்தது. அடித்தேன். திறந்துகொண்டது. ஒரு பேட்டர்ன்கூடக் குறையவில்லை. "அப்பாடா, பிரச்சினை தீர்ந்துதும்மா!" என்று மகள் கை தட்டினாள். நானும் சிரித்துவைத்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 14, வெள்ளி
சீருடை பேட்டர்னை அனுப்பிவிட்டேன். இனி அண்ணனுக்கு எழுத எனக்கு ஒரு சாக்கும் இல்லை.