நானும் நாத்தனாரும் வெளுத்த மாடிகள்

பிப்ரவரி 9

மாடி ஒழுகாமல், சூடு இறங்காமல் இருக்க அடிக்கிற வெள்ளை கோட்டிங் இரண்டு டிரம் வாங்கினால் ஒரு டைரி இலவசமாம். பெயிண்டுக் கடைக்காரர் கையில் வைத்துக்கொண்டே, "எழுதத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "ஆறாவது வரைக்கும் எழுதினேன். அதுக்கப்புறம் தரையைத்தான் துடைச்சேன்" என்றேன். நாத்தனார் கடை வாசலிலேயே சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் தெருவில் போகிறவன் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பான்.

பத்தொன்பது வருடம் இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் தரை துடைத்தோம். போன மாதம் வேலையை வேறு கம்பெனி எடுத்தது. அவர்கள் மெஷினோடு வந்தார்கள். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஐம்பது, அவளுக்கு நாற்பத்தெட்டு. "மெஷினுக்கு வயசு கேட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மாடி கழுவி வெள்ளை அடிக்கும் யோசனை அவளுடையது. அவள் படுக்கிற பின் அறை மழை பெய்தால் ஒழுகும். கட்டிலுக்குப் பக்கத்தில் பச்சை வாளி வைத்துவிட்டுத்தான் படுப்பாள். "இந்த மாதிரி ஒழுகற மாடி ஊர்ல எத்தனை இருக்கும் அண்ணி?" என்றாள். அங்கே ஆரம்பித்தது.

பிப்ரவரி 10

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். அவளுடைய மகள் தூரத்து ஊரிலிருந்து தினமும் போன் பண்ணுகிறாள். மாசமாக இருக்கிறாள். "என்கூடவே வந்து இருந்துடும்மா" என்கிறாள். பிரசவத்துக்கு மட்டும் இல்லை, மொத்தமாகவே.

நாத்தனார் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "மழை தொடங்கறதுக்குள்ள தொழில் காலூணி நின்னுடுச்சுன்னா நான் இங்கேயே இருந்துடுவேன். பிரசவத்தப்போ மட்டும் போய்ட்டு வந்துடறேன். நிக்கலைன்னா கிளம்பிடறேன் அண்ணி. அண்ணன் தலையில எத்தனை நாள் உக்காந்துக்கிட்டு இருக்கறது?"

"உங்க அண்ணன் தலையில ஏற்கெனவே ஒண்ணும் இல்ல, தாராளமா உக்காரு" என்றேன். அவர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவர். வாயைக் கேன் மூடி மாதிரி இறுக்கி வைத்திருப்பார்.

அவள் புருஷன் போய்ப் பதினோரு வருடம். அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் போய்விட்டால் நான் யாரைக் கிண்டல் பண்ணிக்கொண்டு காலம் தள்ளுவது?

பிப்ரவரி 12

தையல் மெஷின் வெளியே போனது. தண்ணீர் பீய்ச்சும் பிரஷர் மெஷின் உள்ளே வந்தது. அவள் தையல் மெஷின் அது, அவள் கல்யாணத்துக்கு வந்தது. தூக்கிக்கொண்டு போகும்போது அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்தாள்.

பிப்ரவரி 17

முதல் மாடி! டியூஷன் டீச்சர் வீடு.

கடைக்காரர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: நன்றாகக் கழுவு, ஒரு நாள் காயவிடு, விரிசலை அடை, அடிப்பூச்சு ஒன்று, வெள்ளை இரண்டு. கழுவுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆஸ்பத்திரியில் எங்கள் சூப்பர்வைசர் அம்மா தினமும் ஒரே பாட்டுத்தான் பாடும். வாசனை வந்தால்தான் சுத்தம். கண்ணை நம்பாதே, மூக்கை நம்பு.

பாசி கறுப்பாக ஒட்டியிருந்தது. முதலில் மெஷினால் பீய்ச்சினோம். அப்புறம் சோப்புத் தூளைக் கொட்டி, முட்டி போட்டு, பிரஷால் மூலை மூலையாகத் தேய்த்தோம். நுரை கணுக்கால் வரைக்கும். அப்புறம் நாலு வாளி தண்ணீர். பூ வாசனை தெரு வரைக்கும் போயிற்று. டீச்சர் மேலே வந்து, "இந்த மாடியில இலை போடாமயே சாப்பிடலாம் போலிருக்கே" என்றாள்.

"நாங்க ஆபரேஷன் தியேட்டரே துடைச்சவங்க டீச்சர். நீங்க வேணும்னா இங்கேயே ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்றேன்.

நாத்தனார் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பிப்ரவரி 20

அடித்து முடித்தோம். வெயிலில் கண் கூசுகிறது. மாடி முழுக்க வெள்ளை. கீழே டீச்சர் வீட்டு ஹாலில் ஃபேன் இல்லாமலே உட்கார முடிகிறது. "மகாராணி, நீ எங்கேயும் போகப்போறதில்ல" என்றேன் அவளிடம். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க அண்ணி, கண்ணு படும்" என்றாள். ஆனால் முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

மார்ச் 5

இரண்டாவது மாடி. பேக்கரிக்காரர். புகைக்கூண்டுக் கரி, மாவு, எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாம் சேர்ந்து அப்பிக் கிடந்தது. சோப்பு இரண்டு மடங்கு போட்டோம்.

மார்ச் 19

யாரும் கூப்பிடவில்லை. இன்றும்.

மார்ச் 27

மூன்றாவது. ரிட்டயர் ஆன போஸ்ட்மேன் வீடு. உள்ளே படி கிடையாது, வெளியிலிருந்து ஏணி. நடு ஏணியில் நாத்தனார் நின்றுவிட்டாள். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. போஸ்ட்மேன் கீழே நின்று, "லெட்டர் வழியில மாட்டிக்கிச்சா?" என்கிறார். நான், "ஸ்டாம்ப் பத்தலை சார்" என்றேன். கோபத்தில் விறுவிறுவென்று ஏறிவிட்டாள். கோபம்தான் அவளுக்குப் பெட்ரோல்.

மூன்று மாடி ஆயிற்று. நான்காவதும் ஐந்தாவதும் வந்துவிட்டால் அவள் பெட்டியைப் பரணிலேயே வைக்கலாம்.

ஏப்ரல் 12

டீச்சர் போன் பண்ணினாள். வாங்க, பாருங்க என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் டேங்க் நிரம்பி வழிந்திருக்கிறது. மாடியில் வெள்ளை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி நின்றது. நாத்தனார் குனிந்து ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தாள். ஒரு முழத்துக்கு வந்தது. இன்னும் இழுத்தாள், இன்னும் வந்தது. வெயிலில் காய்ந்த தோல் உரிகிற மாதிரி. அடியில் பழைய சிமெண்ட், நாங்கள் தேய்த்த சிமெண்ட், பளிச்சென்று இருந்தது.

அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஏப்ரல் 14

பேக்கரிக்காரர் மாடியும். அங்கே தண்ணீர் கூட வழியவில்லை, மாவு மூட்டையை மேலே போட்டு இழுத்தபோதே உரிந்திருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போஸ்ட்மேன் வீட்டுக்கு நாங்களே போய்ப் பார்த்தோம். நகத்தால் கீறினேன். வந்தது.

ஏப்ரல் 16

பெயிண்டுக் கடை. உரிந்த துண்டை மேஜைமேல் வைத்தேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரக்குல குறை இல்லம்மா. இதே டிரம்தான் ஊரெல்லாம் போகுது. நல்லாக் கழுவினீங்களா?"

கழுவினோமாவா! நாத்தனாருக்கு வந்ததே கோபம். "மோந்து பாருங்க! ரெண்டு மாசம் ஆச்சு, இன்னும் வாசனை அடிக்குது!" என்று துண்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். "அப்ப கைவாகு சரியில்லம்மா. சிலருக்கு வராது."

சிலருக்கு வராது. பத்தொன்பது வருடம் வந்ததே, அது என்ன கை?

ஏப்ரல் 23

டீச்சர் மாடியைச் சுரண்டுகிறோம். மூன்று நாள் ஆயிற்று. ஒட்டாத இடம் பாய் மாதிரி வருகிறது, ஒட்டிய இடம் உயிரை வாங்குகிறது. டீச்சர் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நாத்தனார் கேட்கவில்லை. "பேரு கெட்டா கெட்டதுதான் அண்ணி. மறுபடியும் அடிச்சுக் காட்டணும்."

என் இடது முட்டி வீங்கியிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. அவள் விரல் நுனி வெடித்திருக்கிறது. அவளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 28

இந்தத் தடவை தூசு தும்பு எதுவும் இருக்கக் கூடாது என்று இரண்டு முறை சோப்புப் போட்டோம். பழைய பல் பிரஷால் விரிசலுக்குள் எல்லாம் தேய்த்தோம். பிள்ளையைக் குளிப்பாட்டின மாதிரி. நாளை மறுநாள் அடிக்க வேண்டும்.

மே 12

மறுபடியும் உரிந்துவிட்டது.

மே 13

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. போன தடவை ஒரு முழம், இந்தத் தடவை ஒரே இழுப்பில் ஒரு பாய் அளவு. டீச்சர் எங்கள் இரண்டு பேருக்கும் டீ கொடுத்துவிட்டு, "விடுங்கம்மா, வேற ஆள் வெச்சுப் பார்த்துக்கறேன்" என்றாள். அவ்வளவு நல்ல மனுஷி.

வெளுத்ததெல்லாம் பால்னு நம்பினோம். இப்ப என்னடி பண்றது? என்ன தப்புப் பண்ணினோம்? ஒண்ணாவது தெரிஞ்சாத் திருத்திக்கலாமே. ஒண்ணும் தெரியலையே.

வீட்டுக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்தார். "போதும். அவ போகட்டும். அங்க அவளைத் தேவைப்படுது." இங்கே தேவைப்படவில்லை என்று அவருக்கு யார் சொன்னது?

மே 20

நாத்தனார் மகளிடம் போனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். 27ஆம் தேதி பஸ். பரணிலிருந்து பெட்டியை நான்தான் இறக்கிக் கொடுத்தேன், அவளுக்கு எட்டாது. "பெட்டியைப் பாரு, உன்னை விடக் கொஞ்சம் உயரம்" என்றேன். பழைய ஜோக். கடனுக்குச் சிரித்தாள்.

மே 23

டிரம்மில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "இதை என் அறை மேலயாவது அடிச்சிடலாம் அண்ணி. எப்படியும் உரியும். இருந்தாலும் வீணாப் போக வேண்டாம்" என்றாள்.

சோப்பு டப்பாவைத் தட்டிப் பார்த்தாள், காலி. வாங்கி வரட்டுமா என்றேன். "நம்ம வீட்டுக்கு எதுக்கு வாசனை? தண்ணியும் பிரஷும் போதும்" என்றாள். மெஷினால் பீய்ச்சினோம், வறட்டு பிரஷால் நாலு தேய்ப்பு தேய்த்தோம், முடிந்தது. இன்றைக்கு மாதிரி அரைகுறையாக நாங்கள் எதையும் கழுவினதே கிடையாது. சூப்பர்வைசர் அம்மா பார்த்திருந்தால் சம்பளத்தைப் பிடித்திருக்கும்.

மே 25

பின் அறை மேலே மட்டும் வெள்ளை அடித்தாயிற்று. மீதி மாடி கறுப்பு. நரைத்த தலையில் பாதிக்கு மட்டும் மை போட்ட மாதிரி இருக்கிறது. இரண்டு பேரும் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து ரோலரைக் கழுவினோம். "வாளி கட்டிலுக்கு அடியில இருக்கு. மழை வந்தா மறக்காம வெச்சிடுங்க" என்றாள்.

மே 27

பஸ் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது. என்றைக்கும் இல்லாமல்.

ஜூன் 3

பிரஷர் மெஷின் கார் கழுவுகிற கடைக்குப் போனது. அவளிடம் போனில் சொன்னேன். "நல்ல வேளை, தூசு பிடிக்கறதுக்குள்ள போச்சு" என்றாள்.

ஜூன் 11

பேத்தி பிறந்திருக்கிறாள். அழுகை போனிலேயே காதைக் கிழிக்கிறது. "உன் சிரிப்புத்தான் வந்திருக்கு, பாவம்" என்றேன்.

ஜூன் 19

நேற்று சாயங்காலம் மழை பிடித்தது. வருடத்தின் முதல் மழை, விடிய விடிய ஊற்றியிருக்கிறது. மறக்காமல் பச்சை வாளியைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் பார்த்தேன். வாளி காலி. அடியில் ஒரு சொட்டு இல்லை. கையை விட்டுத் துடைத்தே பார்த்தேன், தூசுதான் வந்தது. கூரையில் ஈரம் இல்லை. கூடத்தில்தான், வெள்ளை அடிக்காத பக்கம், இரண்டு இடத்தில் ஒழுகியிருந்தது.

மாடிக்குப் போனேன். தண்ணீர் தேங்கி நின்றது. உட்கார்ந்து நகத்தால் கீறினேன். வரவில்லை. கரண்டியைக் கொண்டு வந்து சுரண்டினேன். சிமெண்டோடு சிமெண்டாக இருக்கிறது. வரவே இல்லை.

அதே டிரம். அதே ரோலர். அதே நாலு கை. அதே மெஷின். என்ன மாறியது, என்ன மாறியது என்று நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குச் சோப்புத் தீர்ந்துபோயிருந்தது.

எத்தனை வாளி ஊற்றினாலும் சிமெண்டுக்குள் போன சோப்பு போகாதாக்கும். அது அடியில் இருந்தால் மேலே எது ஒட்டும்? வழவழன்னு இருக்கற தரையில நாமே எத்தனை தடவை வழுக்கி விழுந்திருக்கோம்! கடைக்காரர் கழுவினீங்களான்னு கேட்டாரே. எதை வெச்சுன்னு கேட்கலையே. நாங்களாவது சொன்னோமா? மோந்து பாருங்கன்னு மூக்குல நீட்டினோம். பிரியமாத் தேய்ச்சதெல்லாம் உரிஞ்சுபோச்சு, ஏனோதானோன்னு தேய்ச்சது நிக்குது.

பத்து மணிக்கு அவளே போன் பண்ணினாள். டி.வி.யில் இந்தப் பக்கம் மழை என்று பார்த்தாளாம். பின்னால் குழந்தை சிணுங்கியது. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன் போல.

"வாளி வெச்சீங்களா அண்ணி? ஒழுகுதா?"

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன ஆகும்? தையல் மெஷின் போயிற்று, பிரஷர் மெஷினும் போயிற்று, மூன்று வீட்டில் பெயர் போயிற்று. அவள் இனிமேல் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சோப்பையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும்.

"ஒழுகுதாவா? உன் கட்டில்ல படகு விடலாம். ரெண்டு மீன் கூட ஓடுது."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு. குழந்தை பயந்து அழ ஆரம்பித்தது. "நல்ல வேளை அண்ணி, அந்தத் தொழிலை விட்டோம். நமக்கு வராதுதான்" என்றாள்.

"வராதுதான்" என்றேன்.

போனை வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் வைத்தேன். அங்கேதான் ஒழுகுகிறது.