அம்மன் திருப்பித் தரும் கண்கள்

அன்புள்ள சத்யபாமாவுக்கு,

நான் நலம். மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

தின்கன்ஜூன் கோயில் விழாவுக்கு ஒரு கிரேக்க நாடகம் பழக்கிவந்தேன். யார் சொல்லியும் கேட்காத ராஜா, கடைசியில் உண்மை தெரிந்து தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

"கோயில் மேடையில மங்களமாத்தான் முடிக்கணும் சயா. அம்மன் வந்து கண்ணத் திருப்பிக் குடுக்கட்டும்" என்று வாத்தியாரான என்னிடமே சொல்கிறார் விழாத் தலைவர் தனசேகரன். அம்மனுக்குப் புடவைகூட எடுத்துவிட்டாராம்! கண் திரும்பிவிட்டால் அப்புறம் அது என்ன நாடகம்? ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி அடித்தேன். என் மூக்குக்கண்ணாடி அங்கேதான் இருந்தது. கையில் காயமில்லை, பயப்படாதே.

அலமாரியிலுள்ள பழைய கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. நார்த்தங்காய் ஊறுகாயும் கொஞ்சம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது ராஜா வேஷம் போடும் முரளிதரன். அதனால் மற்றதைச் சொல்ல முடியவில்லை.

உன்,
தமிழ்மணி