அண்ணாமலை, வயது ஐம்பது

மே 6, செவ்வாய்

நாள் முழுக்க 'நபர்' என்ற ஒரே வகையோடு மல்லுக்கட்டினேன். மருத்துவமனை மென்பொருளில் இப்படிப் பொதுவான தரவு வகைகள் சில உண்டு: நபர், முகவரி, மருந்தளவு. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் அட்மிஷன், லேப், பார்மசி எல்லாமே அதையே எடுத்துப் பயன்படுத்தும். தப்பாக அமைத்தாலும் அப்படித்தான். முன்பு யாரோ செய்துவைத்ததை இப்போது நான் புதுப்பிக்க வேண்டும்.

சாயங்காலம் எங்கள் கிராமம் அடி அண்ணாமலையிலிருந்து அம்மா போனில் பேசினாள். வழக்கமான கேள்வி. "எங்கனா விசாரிச்சியா?" அண்ணன் காசி மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. விசாரிக்கிறேன் என்றேன். எங்கே போய் விசாரிப்பது?

மே 9, வெள்ளி

இங்கே டவுனிலேயே எங்கள் மென்பொருள் ஓடும் மருத்துவமனை ஒன்றுக்குப் போனேன். அட்மிஷனில் அருணாதேவி சிஸ்டர். எது சிரமமாக இருக்கிறது என்று கேட்டேன்.

"கிரிவலப் பாதையில மயங்கிக் கெடக்கறவங்கள ஆம்புலன்ஸ்ல கொண்ணாந்து விட்டுடறாங்க மேடம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. பேர், வயசு, போன் நம்பர் போடலன்னா உங்க சிஸ்டம் அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது."

"அப்ப என்ன போடுவீங்க?"

"அண்ணாமலை, வயசு அம்பது, போனுக்கு வெறும் ஒன்பதா அடிச்சுடுவோம். எல்லாருக்கும் அதேதான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மே 10, சனி

சிரித்திருக்கக் கூடாது. பெயர், வயது, போன் மூன்றும் ஒத்துப்போனால், பழைய ஆள்தான் திரும்ப வந்திருக்கிறார் என்று எங்கள் 'நபர்' வகை முடிவு செய்துவிடுகிறது. ஆக, அத்தனை அண்ணாமலைகளும் ஒரே ஆள். அவருக்கு இரண்டு ரத்தப் பிரிவுகள். சர்க்கரையில் இடது காலை எடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் இடது பாதத்தில் பாம்பு கடித்திருக்கிறது. போன ஆவணியில் இறந்தார். புரட்டாசியில் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. வெளியே ஒரே கூட்டம். ஜன்னலைச் சாத்திவிட்டு அந்தப் பதிவையே படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் ஒரு குறிப்பு: 'நிமோனியா. வலது புருவத்தில் பழைய தழும்பு. தனக்குத்தானே பேசுகிறார். ரேடியோவை நிறுத்தச் சொல்கிறார்.'

எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது. காசிக்கு மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. புருவம் கிழிந்தது கிணற்றுப் படியில் விழுந்து. நான்தான் அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

அண்ணா, இவ்ளோ பக்கத்துலயா கெடந்த?

நான்கு நாள் கழித்து, ஒரே தேதியில் இரண்டு வரிகள். 'அண்ணாமலை, குணமாகி அனுப்பப்பட்டார்.' 'அண்ணாமலை, இறந்தார்.'

மே 13, செவ்வாய்

சிஸ்டரிடம் ஓடினேன். "அன்னிக்கு வார்டுல அந்த மாதிரி ரெண்டு பேர் இருந்தாங்க மேடம். ஒருத்தர் நடந்து போயிட்டாரு. ஒருத்தர் தவறிட்டாரு. போலீஸ் வந்து எழுதிக்கினு போயி, நகராட்சியில அடக்கம் பண்ணிட்டாங்க."

தழும்பு யாருக்கு இருந்தது?

"எனக்கு நெனப்பு வரலியே மேடம்." அவர் அழுதுவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ காட்டினார்கள். வீங்கிய முகம், தாடி, புருவம் வரை இழுத்துச் சுற்றிய துணி. அவன்தான் என்று சொல்ல முடியவில்லை. அவன் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மே 19, திங்கள்

'நபர்' வகையை முதலிலிருந்து எழுதினேன். பெயர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே இருக்கலாம். அப்படி வரும் ஒவ்வொருவரும் தனி ஆள். அடையாளக் குறிகளும் அவரோடு சேர்ந்தே இருக்கும். இரண்டு பேரை ஒன்றாக்க வேண்டுமென்றால் ஒரு மனிதர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து அருண்பிரசாத் பேசினார். என் டீம் லீட். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லா ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டும் அடி வாங்கும். அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாமே. ஏன் இவ்ளோ அவசரம்?"

சொன்னேன். வேலை இடத்தில் அண்ணனைப் பற்றி நான் வாய் திறந்தது இதுதான் முதல்முறை.

"இதுலயே போட்டுடு. நான் பேசிக்கறேன்."

ஜூன் 3, செவ்வாய்

புது வகை ஓடத் தொடங்கிவிட்டது. பழைய அண்ணாமலைக்குள் இருப்பவர்களைப் பிரித்தெடுக்க வழியில்லை என்று நானே எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 7, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நடந்து போனவன் எந்தப் பக்கம் போனான்னு கேட்டியா?" என்றாள்.

கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

ஜூன் 8

சிஸ்டருக்குத் தெரியவில்லை. வாட்ச்மேனுக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

சிஸ்டர் போன் செய்தார். பெயர் தெரியாமல் சேர்த்திருந்த ஒரு கிழவரை, புதுப் பதிவில் குறித்திருந்த தோள் பச்சை குத்தலை வைத்து அவர் மகன் போளூரிலிருந்து வந்து அழைத்துப் போனாராம். "உங்களாலதான் மேடம்." சந்தோஷம் என்றேன். போனை வைத்தபின் தோன்றியது பொறாமைதான். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பொறாமைதான்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. குளத்தங்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். அண்ணன் இல்லாததால் அம்மாவின் தம்பி சடையன் மாமாதான் உட்கார்ந்தார். அப்பா பேர் முடிந்ததும் ஐயர் கேட்டார், "வேற யாருக்காவது உண்டா?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணாமலைன்னு சொல்லுடா," என்றாள் மாமாவிடம். "அன்னிக்கு அங்க செத்தவன் எவனா இருந்தாலும் அவனுக்குப் போய்ச் சேரட்டும்."

"கோத்திரம்?"

"தெரியாது சாமி."

"பரவால்ல," என்று அவர் எள்ளை எடுத்து மாமாவின் கையில் போட்டார்.

ஆட்டோ வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். வீடு வரை நடந்தே வந்தோம். பாதையோரம் துண்டை மூடிப் படுத்திருந்த ஒவ்வொருவர் பக்கத்திலும் அம்மா நின்று, குனிந்து, முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். எதிர்ப்பக்கம் படுத்திருந்தவர்களை நான் பார்த்துக்கொண்டு வந்தேன்.