முத்து இல்லாத புத்தகம்

என் பிரியமுள்ள ரோஸ்மேரிக்கு,

உனக்கு நினைவேந்தல் கூட்டம் நடத்தி முடித்துவிட்டார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில்தான் கவிஞர் மன்றத்துக்கு ஹால் கிடைத்ததாம். நீ இருந்தால் இதற்கும் அவர்களுக்காக ஒரு சமாதானம் சொல்லியிருப்பாய். “கல்யாண சீசன்ளா, ஹாலுக்கு எங்க போவாவ?” என்றிருப்பாய். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

மேடையில் உன் படம். எது தெரியுமா? மகளிர் தினத்தன்று மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு குத்துவிளக்கு ஏற்றினாயே, அது. இத்தனை வருஷம் அவர்கள் மேடையில் கவிதை வாசித்தவள் நீ. கையில் தாளோடு நீ நிற்கிற படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. விளக்கேற்றவும், வந்தவர்களுக்குச் சந்தனம் நீட்டவும், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடவும் உன்னைக் கூப்பிட்டார்கள். உனக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும். பொம்பளை என்றால் பாடுவாள் என்று அவர்களாக முடிவு செய்துகொண்டார்கள்.

கவியரங்கத்தில் ஆம்பளைக் கவிஞர்கள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்லி, கைதட்டலுக்கு நிறுத்தி, தண்ணீர் குடித்து, திரும்பவும் முதல் வரிக்கே போவார்கள். உன் முறை வந்ததும் மன்றத் தலைவரின் கை மணிமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ அவசர அவசரமாக வாசித்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்குவாய். அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

காலேஜில் ஒரே பெஞ்சில் இருந்தபோதே நீ ஒரு சபதம் எடுத்தாய். என்ன எழுதினாலும் முத்து என்ற சொல் வராது என்று. நம் ஊர்க் கவிஞர்களுக்கு அது இல்லாமல் வாயே திறக்காது. கவுன்சிலர் ஒரு முத்து, மணப்பெண் ஒரு முத்து, செத்தவர் கடல் கொண்டுபோன முத்து. இந்தக் கடலில் முத்துக் குளித்து எத்தனை காலமாயிற்று? இவர்களில் ஒருவராவது முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்திருப்பாரா?

உன் அப்பா சங்கு குளித்தவர். முங்கி முங்கிக் காது செவிடாகிப் போனவர். “எங்கப்பா முத்தப் பாத்ததே நகைக்கடையிலதான்ளா” என்று நீ ஒரு நாள் சொன்னாய். அந்தச் செவிட்டுக் காதைப் பற்றி எழுதினாய். துறைமுக ஆபீசில் உட்கார்ந்து லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதினபடியே, லாரிக்காரர்களைப் பற்றியும், கொடியில் காயும் துணியில் படிகிற அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றியும், மாலத்தீவுக்குச் சரக்குத் தோணியில் போன உன் வீட்டுக்காரர் போனில் பேசாமல் விடுகிற மூச்சைப் பற்றியும் எழுதினாய். புத்தகத்துக்குப் பெயரும் ‘கேட் பாஸ்’ என்றே வைத்தாய். நான் ஞானஸ்நானத்தில் ஏந்திய உன் மகள் ஜெனி அத்தனையையும் டைப் அடித்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நீ செய்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. அணிந்துரைக்காக அதைத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

உடனே அச்சடித்துவிடலாம் என்றேன். “அவரு முன்னால நாலு பக்கம் எழுதுனாத்தான் நம்ம புத்தகத்த ஒருத்தன் கையில எடுப்பான்” என்றாய். மூன்று வருஷம் காத்திருந்தாய். பார்க்கும்போதெல்லாம் அவர், படித்துக்கொண்டே இருக்கிறேன், ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது என்பார். அந்த ஆழத்திலிருந்து அவர் கரையேறுவதற்குள் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துப்பா, மகன் கல்யாணத்துக்கு ஒன்று, பேத்தி சடங்குக்கு ஒன்று என்று உன்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார். நீயும் எழுதினாய். ஆஸ்பத்திரியில் வாய் குழறின நாட்களில்கூட, அவர் போன் பண்ணினாரா என்றுதான் என்னிடம் கேட்டாய். கர்த்தரை விட்டுவிட்டு அவரையா ஒரு மனுஷி அப்படி எதிர்பார்ப்பாள்?

கூட்டத்தில் அந்த அணிந்துரை வந்தேவிட்டது. தலைவரே வாசித்தார். முதல் பாதி அவருடைய இளமைக்காலம், அவர் வாங்கிய விருதுகள், அவரைப் பாராட்டிய பெரியவர்கள். ரோஸ்மேரி எப்போது வருவாள் என்று நான் கதவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தாய். உன் கவிதைகளில் பக்கத்துக்குப் பக்கம் முத்துக்கள் சிதறிக் கிடக்கின்றனவாம். முத்தெடுத்த தந்தையின் பெருமையை நீ கண்ணீரோடு பாடியிருக்கிறாயாம்.

பக்கத்தில் இருந்த ஜெனி என் கையைப் பிடித்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில், உனக்குப் போட வேண்டிய பொன்னாடையை அவளுக்குப் போடக் கூப்பிட்டார்கள். போனாள். மைக்கை விட்டு நகராமல், மரியாதையாகத்தான் கேட்டாள்.

“ஐயா, முத்து எந்தக் கவிதையில வருது?”

“எல்லாத்துலயும் வருதும்மா. நீ இன்னும் ஆழமாப் படிக்கணும்.”

கைதட்டினார்கள் ரோஸ்மேரி. உன் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிற அத்தனை பேரும் கைதட்டினார்கள். “நான்தான் ஐயா டைப் அடிச்சேன்” என்று அவள் சொன்னது முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. குரூப் போட்டோவுக்காக அதற்குள் மைக்கை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

கிளம்பும்போது தலைவர் ஒரு கவரை என் கையில் கொடுத்தார். அணிந்துரைதான். புத்தகத்தில் முதலில் வரவேண்டும், பக்கத்திலேயே அவர் படம் கலரில் இருக்கவேண்டும் என்றார். வெளியீட்டு விழாவுக்குப் பெரிய ஆளைக் கூட்டி வருவது தன் பொறுப்பு என்றும் சொன்னார். செத்துப்போனவளின் புத்தகத்தில் இவர் கலரில் சிரிப்பாராம்.

வீட்டுக்கு வந்து ஜெனி பொன்னாடையை மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “சித்தி, அம்மா இதக் கேட்டுக்கிட்டேதான இருந்தாங்க. போட்டிருவோமா?”

உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்தாலும் சரி என்று சொல்லிவிட்டார். பல நாள் யோசித்தேன். நீ கடைசிவரை ஆசைப்பட்ட ஒன்றை மறுக்க நான் யார்? உனக்குத் தலைவரைப் பிடிக்காத மாதிரி நானாக நினைத்துக்கொள்கிறேனோ? அவர் படிக்கவில்லை என்று உனக்கே தெரிந்திருந்து, தெரிந்தேதான் கேட்டாயோ? அப்படியிருந்தால் அது இன்னும் மோசம்.

ஒரு சாயங்காலம் ஜெனியை உட்காரவைத்து, அவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். அது முடிந்ததும் உன் முதல் கவிதையை வாசிக்கவேண்டும் என்றேன். அணிந்துரையின் இரண்டாவது பக்கத்திலேயே அவள் நிறுத்திவிட்டாள். “இது வேற யாரோ சித்தி” என்றாள். அவ்வளவுதான், எங்களுக்கு அதற்குமேல் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

தலைவருக்கு நானே போன் செய்து, அணிந்துரையைப் போடவில்லை என்று சொன்னேன்.

“அப்ப விழாவுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க, பாத்துக்கோங்க” என்றார்.

“வராண்டாம் அண்ணாச்சி” என்றேன்.

புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது. அணிந்துரை கிடையாது, வாழ்த்துரை கிடையாது, என்னுடைய முன்னுரையும் கிடையாது. அட்டையைத் திருப்பினால் உன் கவிதை. வருகிற கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியுமாக வருவார்கள். நானும் ஜெனியும் முதல் பிரதியோடு வருவோம். முதலிலிருந்து கடைசிவரை வாசிப்போம். யாரும் மணி அடிக்கமாட்டார்கள். இது சத்தியம்.

நீ கேட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும். என்மேல் உனக்கு வருத்தம் இருக்கும். இருக்கட்டும், அதையும் நான் சுமந்துகொள்கிறேன்.

உன் ஜெனிக்கு ஞானத்தாய்,
லூர்து