பொரிப்பகத்து மணல்

ஜனவரி 11

பகல் பதினோரு மணிக்கு வீட்டில் குறட்டைச் சத்தம். இருபத்திரண்டு வருஷமாக ஆமைப் பருவத்தில் எங்கள் வீடு இப்படித்தான். என் வீட்டுக்காரர் சரணாலயக் காவலர். இரவெல்லாம் கரையில் நடந்து, கடலாமைகள் இட்டுவிட்டுப் போன முட்டைகளைக் கூடையில் எடுத்து வந்து, வேலி போட்ட பொரிப்பகத்து மணலில் புதைத்துவிட்டு, விடிந்த பிறகு வந்து படுப்பார். ஊர் அவருக்கு வைத்த பெயர் முட்டைக்காரர். நான் முட்டைக்காரர் சம்சாரம். அதே சரணாலயத்தின் அலுவலகத்தில் திட்டப் பிரிவை நான்தான் கட்டி இழுக்கிறேன் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அடுத்த பதினைந்து வருஷத்துக்கான மேலாண்மைத் திட்டம் என் தலையில் விழுந்திருக்கிறது. கரை அரிப்புக்கு ஒரு அத்தியாயம், தெருநாய்க்கு ஒன்று, விடுதிகளின் விளக்கு வெளிச்சத்துக்கு ஒன்று. நான்காவது, பொரிப்பகம். "அதுல எழுத என்ன இருக்கு? நல்லா நடக்குதுன்னு ரெண்டு வரி எழுதிட்டுப் போ" என்றார் தூக்கக் கலக்கத்தில். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஒப்புக்கு ஒரு வெப்பம் பதியும் கருவியைப் போன மாசம் அந்த மணலில் புதைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் எடுக்க வேண்டும்.

ஜனவரி 19

முப்பத்து மூன்றரை டிகிரி. ராவும் பகலும் அதே சூடு.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கருவியை மாற்றி எடுத்து வந்துவிட்டேனோ என்றுகூடப் பார்த்தேன். கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் சூடுதான். முப்பதைத் தாண்டினால் பெண் அதிகம். முப்பத்திரண்டுக்கு மேல் எல்லாமே பெண். அதற்கும் மேலே ஏறினால் முட்டைக்குள்ளேயே வெந்து போகும். பொரிப்பகம் இருப்பது ஒரு பொட்டு நிழல் இல்லாத மேட்டில். பின்னால் விடுதிக்காரர் கட்டிய சுவர் வேறு, அடுப்பு மாதிரி காய்கிறது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஜனவரி 20

சாப்பிடும்போது சொன்னேன். முதலில் சிரித்தார். "வீட்லயும் மூணு பொண்ணு, கடல்லயும் பொண்ணா? என் கைராசி அப்படி!" சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினார்.

"ஆணே இல்லன்னா அதுங்க வளர்ந்து வந்து என்ன பண்ணும்?"

நான் குழம்பை ஊற்றினேன்.

"இத்தனை வருஷமாவா?"

"தெரியலைங்க. இந்த வருஷ அளவு மட்டும்தான் கையில இருக்கு."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஒரு கருவி சொல்லிட்டா ஆச்சா? நாய் தின்னட்டும்னு கரையிலேயே விட்டிருந்தா மட்டும் நல்லா இருந்திருக்குமா?"

நியாயமான கேள்விதான். கரையில் விட்டால் நாய், அலை. எடுத்து வந்தால் சூடு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. ஆனால் கரையில் தப்பிக்கிற குழிகளில் இருந்தாவது ஆணும் பெண்ணுமாகக் கலந்து வரும். அதை இன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 24

தலைமை அதிகாரியிடம் போய் நின்றேன். அவர் எதையும் மூடவும் மாட்டார், திறக்கவும் மாட்டார். மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு கடைசியில் வாய் திறந்தார். "ஏம்மா, ஒரு மாசம் நிழல்வலை கட்டிப் பாருங்க. முப்பதுக்குக் கீழ இறங்கிட்டா இருக்கட்டும். இறங்கலைன்னா மூடுறதுன்னு எழுதிடுங்க. எப்படியும் பொதுக் கூட்டத்துல நீங்கதான் பதில் சொல்லணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவருக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. "இறங்கும். பாரேன்."

ஜனவரி 28

கூடம் முழுக்கப் பச்சை வலை. அப்பாவும் பெண்களும் உட்கார்ந்து தைக்கிறார்கள். மூத்தவளும் இதற்கென்றே வெளியூரிலிருந்து வந்திருக்கிறாள். நடுவள் ஊசியைக் காலில் குத்திக்கொண்டு கூப்பாடு போட்டாள். அவர் யாரையோ கிண்டல் செய்ய, எல்லாரும் சிரித்தார்கள். நான் சமையலறையில் உட்கார்ந்து தெருநாய் அத்தியாயத்தை எழுதினேன். பொரிப்பகம் இல்லாவிட்டால் கரைக்கு எத்தனை காவலாளிகள் வேண்டும் என்பதையும் எழுதிவைத்தேன். துரோகம் செய்கிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 9

இறங்கட்டும். கடவுளே, இறங்கித் தொலைக்கட்டும்.

பிப்ரவரி 27

இருபத்தெட்டு! வலைக்குக் கீழே மறுபடி புதைக்கச் சொன்ன கருவியில் சராசரி இருபத்தெட்டு. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அவருக்கு ஃபோன் போடக் கையில் எடுத்தேன்.

அப்புறம்தான் திரையில் இருந்த கோட்டைப் பார்த்தேன். நடுப்பகலில் ஏறுகிறது, விடியுமுன் இறங்குகிறது, தினம் தினம். முழங்கை ஆழ மணலுக்குள் அப்படி நடக்காது. போன மாசத்துக் கோடு இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. இது மணலின் சூடு இல்லை. காற்றின் சூடு. முதல் இரண்டு மூன்று நாள் தவிர, கருவி மாசம் பூராவும் எங்கோ நிழலில் தொங்கியிருக்கிறது.

பொரிப்பகத்துச் சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. ஃபோனைக் கீழே வைத்தேன்.

பிப்ரவரி 28

"கருவியை வெளிய எடுத்தீங்களா?"

மறைக்கக்கூட இல்லை. "தண்ணி டிரம் பக்கத்துல மாட்டினேன். வலை கட்டின மூணாம் நாளே மணல்ல கையை விட்டுப் பார்த்தேன். சுட்டுச்சு."

"அப்புறம் ஏன்?"

"ஏன்னா கேக்கற?"

கத்தினேன். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என்ன கத்தி என்ன? இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு பொய் சொன்னதில்ல. சொல்லவே தெரியாம ஒண்ணு சொல்லி, அதையும் போயும் போயும் என்கிட்டயே — என் தொழிலே அந்தக் கோட்டைப் படிக்கிறதுதானே? நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நெனச்சாரா, இல்ல கண்டுபிடிச்சாலும் விட்டுடுவேன்னு நெனச்சாரா? அரசாங்க அளவைத் திரித்தால் வேலை போகும். அவருக்கும் தெரியும்.

மார்ச் 2

எழுதிவிட்டேன். 'இரண்டாம் மாத அளவு கருவிக் கோளாறால் கிடைக்கவில்லை. முதல் மாத அளவின் அடிப்படையில் பொரிப்பகத்தை மூடப் பரிந்துரைக்கப்படுகிறது.'

ஆமைக்கு உண்மை, புருஷனுக்குப் பொய். சாமர்த்தியசாலிதான் நான். அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மார்ச் 9

இன்றும் கூடையோடு கிளம்பினார். "இன்னும் எதுக்கு எடுத்துட்டு வந்து அதே மணல்ல வைக்கிறீங்க?" என்றேன்.

"உத்தரவு வரலையே."

மார்ச் 17

கருத்துக் கேட்புக் கூட்டம். மண்டபம் நிறைந்துவிட்டது. விடுதிக்காரர்தான் முதலில் மைக்கைப் பிடித்தார். குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கத்தான் அவருக்குப் பாதி விருந்தாளி வருகிறார்கள்.

"கருவி கோளாறுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டாம் மாசம் கெட்டுப்போன கருவி முதல் மாசம் மட்டும் ஒழுங்கா இருந்துச்சா?"

கைதட்டல். படகுச் சங்கத் தலைவர் எழுந்தார். "முட்டைக்காரர் இத்தனை வருஷம் ராத்தூக்கம் இல்லாம காப்பாத்தினதை ஒரு ஓட்டைக் கருவியை வச்சு மூடுவீங்களா? இந்தம்மாவுக்கு வேலை தெரியுமா தெரியாதா?"

இன்னும் பெரிய கைதட்டல். நான் கையிலிருந்த தாள்களைப் புரட்டினேன். தலைமை அதிகாரி என் பக்கம் சாய்ந்து, "பதில் இல்லைன்னா விடும்மா. பழையபடியே நடக்கட்டும்னு எழுதிட்டுப் போயிடலாம்" என்றார். பதினைந்து வருஷம். நான் சொன்ன பொய்யே உண்மையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் கடைசி வரிசைக்குப் பின்னால் சீருடையோடு நின்றிருந்தார். சும்மா நின்றிருந்தால் போதும். பொரிப்பகம் அவருக்குத்தான், ஊரே அவர் பக்கம்.

"கருவி நல்லாத்தான் இருந்துச்சு." மைக்கைக்கூட வாங்கவில்லை. "நான்தான் எடுத்து வெளிய மாட்டினேன். அவங்களுக்குத் தெரியாது. மணல் சுடுது. மூடிடுங்க."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. அவங்களுக்குத் தெரியாது — எனக்காக இன்னொரு பொய். நான் எழுந்து, இல்லை, எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. கால் இருந்தது, வாயும் இருந்தது.

மார்ச் 18

அவரவர் தட்டில் அவரவரே போட்டுச் சாப்பிட்டு எழுந்தோம்.

ஏப்ரல் 6

திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. அதே உறையில் அவருடைய பணிநீக்க உத்தரவு. வேலியைப் பிரித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

மூத்தவள் ஃபோனில் அழுதாள். "நீ எழுந்திருச்சு சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொல்லியிருந்தா ரெண்டு பேர் வேலையும் போயிருக்கும்டி. தங்கச்சிங்க படிப்பை யார் பார்ப்பா?"

ஃபோனை வைத்துவிட்டாள். நான் சொன்னது சரிதான். சரியாக இருப்பதால்தான் குமட்டுகிறது.

ஜூன் 14

அவருக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. பகல் வேலை. கட்டிகளை இழுத்து இழுத்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து இரவில் வீட்டில் இருக்கிறார், ஆனால் தூக்கம் வருவதில்லை. கூடத்தில் நடக்கிறார்.

"என்மேல கோவமா?" என்று இன்றைக்குக் கேட்டே விட்டேன்.

"உம்மேல எதுக்கு?" என்றார். அப்புறம், "எத்தனை ஆயிரம் குஞ்சுடி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

ஜனவரி 30

புதுத் திட்டத்தின் முதல் பருவம். முட்டைகளை யாரும் தொடுவதில்லை, இட்ட இடத்திலேயே கிடக்கின்றன. நாயை விரட்ட ஆறு காவலாளிகள் வேண்டும் என்று எழுதினேன். இரண்டு பேரைத்தான் கொடுத்தார்கள்.

அவர் தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே, "எப்படி இருக்கு?" என்பார். எது என்று சொல்ல மாட்டார். "பரவாயில்லைங்க" என்பேன். இதுவரைக்கும் பெரும்பாலும் உண்மைதான் அது.

நேற்று கடல் ஏறியது. விடிந்ததும் காவலாளி ஃபோன் செய்தார். தெற்குக் கரையில் ஒரு குழிகூட மிஞ்சவில்லை. அலை அரித்ததில் முட்டைகள் வெளியே வந்து உருண்டு கிடக்க, மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொண்டன. வடக்கில் கொஞ்சம் தப்பியிருக்கிறது.

"நேத்து கடல் ஏறுச்சே. தெக்கால எப்படி?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகலைங்க. எல்லாம் பத்திரமா இருக்கு."

"ஒரு குழிகூட முங்கலையா?"

"முங்கல."

இருபத்திரண்டு வருஷம் அந்தக் கரையில் நடந்தவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், "ரொம்ப நல்லது" என்றார். பிறகு வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.