தலைகீழாகத் தைக்கப்பட்ட அத்தியாயம்

இன்று காலை எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன்பே, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு குளியலறைச் சுவரைப் பார்த்தேன். டைல்ஸ்களுக்கு நடுவே ஓடும் கோடு நேராக இருக்க வேண்டும். இல்லை. தண்ணீருக்குள் விட்ட குச்சி மாதிரி நடுவில் வளைந்து, பிறகு நேரானது. வளைகிற இடத்தில் ஒரு சாம்பல் பொட்டு. அது போன வாரத்தைவிடப் பெரிதாகிவிட்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. கையை எடுத்துவிட்டு, மறுபடி பொத்தி, மறுபடி பார்த்தேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு கூடத்துக்கு வந்து, அலமாரியில் முதுகு தெரியாமல் திருப்பி வைத்திருந்த உன் புத்தகத்தை எடுத்தேன். சென்ற மழைக்காலத்தில், சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ, திரும்பி வரவில்லை. தீபாவளி கழிந்து உன் கணவர் மதுரையிலிருந்து இதைக் கூரியரில் அனுப்பினார். அட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தவள், இன்றுதான் திறக்கிறேன். மைதாப் பசையும், பூச்சி வராமலிருக்க அதில் கலந்த மயில்துத்தமும் சேர்ந்த வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனையில் எனக்குப் பன்னிரண்டு வயது. மராத்தி பேசும் போசரியில் உன் வீட்டுத் தரை. எதிரே நீ.

நம் அப்பாக்கள் இருவரும் ஒரே கம்பெனியில் லேத் ஓட்டினார்கள். கீழ்வீடு உங்களுடையது, மேல்வீடு எங்களுடையது, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு தமிழ் வார இதழ். ரயிலேறி, தாமதமாகத்தான் வந்து சேரும். முதலில் உங்கம்மா, பிறகு எங்கம்மா, கடைசியில் நாம். பழைய இதழ்கள் எடைக்கு வாங்கும் ரத்திக்காரரின் தராசுக்குப் போவதற்குள், அதில் வந்த பேய்த் தொடரின் பக்கங்களை மட்டும் பிளேடால் நீ கத்தரித்து எடுத்துவிடுவாய்.

அதை வாசிக்க நமக்கு ஒரு முறை இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டோம். எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, நடுவில் அந்தத் தாள்களை விரிப்போம். "என் முதுகுக்குப் பின்னால எதும் வருதான்னு நீ பாரு. உன் முதுகை நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். நெல்லையைக் கண்ணால் பார்த்திராத வயதிலேயே உன் பேச்சு முழுக்க நெல்லையாக இருந்தது. எழுத்து என் பக்கம் நேராக இருக்கும். நீ எதிரிலிருந்து தலைகீழாகவே வாசிப்பாய். எனக்கு முன்னால் பக்கத்தை முடித்துவிட்டுக் காத்திருப்பாய்.

"சோடாபுட்டி, ஒன் கண்ணாடிக்குப் பேய் ரெண்டாத் தெரியுமோ?"

"சும்மா இரு. பயமா இருக்கு."

"ஏட்டி, பயமா இருந்தா சத்தமா வாசி. மனசுக்குள்ள வாசிச்சா அது உள்ளயே உக்காந்துக்கிடும்."

தொடர் முடிந்ததும், கம்பெனி பில் புத்தகங்கள் தைக்கிற பைண்டரிடம் உங்கப்பா அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்பி வந்த புத்தகத்தைப் புரட்டினால், நடுவில் ஓர் அத்தியாயம் மட்டும் தலைகீழாக இருந்தது. அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தில், பழைய பங்களாவின் உத்திரத்திலிருந்து ஒரு பெண் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்குகிற படம். தமிழ் தெரியாத பைண்டர் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்திருக்கிறார். அவளை நிமிர்த்தி நிற்க வைத்துவிட்டார். நாம் போய்ச் சண்டை போட்டபோது அவருக்கு நம்மேல்தான் கோபம். "பாயீ உலட்டீ கஷீ லடகேல?" என்று கேட்டார். பொம்பளை எப்படித் தலைகீழாத் தொங்குவா என்று. பேய் என்று சொல்லியும் அவர் நம்பாததால், நீ அவர் கடை வாசலிலேயே கையை விரித்துக் குனிந்து, தொங்குவது மாதிரிக் காட்டினாய். அவர் பயந்தாரோ என்னவோ, நமக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிரித்துத் தைக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

அதன் பிறகு அந்த அத்தியாயம் உன்னுடையதானது. புத்தகத்தை நாம் திருப்பவே இல்லை. அந்த இடம் வந்ததும் அது உன் பக்கம் நேராகிவிடும். நீ வாசிப்பாய். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பேன். உன் குரல் பேய்க்கு ஒரு மாதிரி, பங்களா வாட்ச்மேனுக்கு ஒரு மாதிரி. எத்தனையோ முறை கேட்ட கதைதான், இருந்தும் ஒவ்வொரு முறையும் உன் முழங்காலைப் பிடித்துக்கொள்வேன்.

கல்யாணமாகிப் போகும்போது நீயே இதைப் பெட்டியில் வைத்துக்கொண்டாய். "இது இங்க இருந்தா நீ தூங்க மாட்டே" என்றாய். உண்மைதான். ஆனால் நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. நகரின் இன்னொரு பக்கம், ஔந்தில் கல்யாணமாகி வந்த வீட்டில் முதலில் வாங்கியது புத்தக அலமாரி. மகர்பட்டா அலுவலகத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்குவார்கள், நான் மட்டும் மடியில் புத்தகத்தோடு குலுங்கிக்கொண்டு போவேன். வாசித்து முடித்ததும் உனக்குப் போன் செய்து கதையைச் சொல்வேன். "முடிவைச் சொல்லித் தொலைச்சிராதே" என்பாய். பிறகு நீயே, "சரி, சொல்லு" என்பாய்.

கண் டாக்டரிடம் போனதை, நீ இருந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்தே பவர் அதிகம், அதனால் விழித்திரையில் நீர் கசிகிறது என்றார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். போனது திரும்புமா என்று கேட்டேன். "ஜோ ஹை, உஸே பசாயேங்கே" என்றார். இருப்பதைக் காப்பாற்றுவார்களாம். தாமதித்தால் அதுவும் குறையுமாம். இன்னொரு கண்ணுக்கும் வரலாமாம். நடமாட, சமைக்க, ஆட்களை ஓரளவு அடையாளம் தெரிந்துகொள்ளப் பார்வை இருக்கும் என்று ஆறுதலாகச் சொன்னார். வாசிக்க என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் ஆபீஸில் வேலை என்று போன் செய்து தள்ளிப்போட்டேன். கணவர் கேட்டதற்குக் கண் வறட்சி, சொட்டு மருந்து போதும் என்றேன். ஊசி வருவதை அந்தக் கண்ணே பார்த்துக்கொண்டிருக்கும் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் கதையில் பயம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இதில் மூட விட மாட்டார்களாமே. மரத்துப்போக மருந்து விடுவோம், வலிக்காது என்கிறார்கள். வலியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தும் பக்கம் முழுக்கச் சாம்பலாகத் தெரிகிற ஒரு நாளை நினைக்கிறேன். அலமாரியில் இருக்கிற அத்தனை புத்தகமும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு நான் யாருக்குப் போன் செய்வேன்?

இதையெல்லாம் நினைத்தபடி உன் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தபோதுதான் என் மகள் காபியோடு வந்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. ஊருக்குப் போகிற கோடை விடுமுறைகளில் கோயம்புத்தூர் கடைப் பலகைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தது மட்டும்தான் அவள் படிப்பு. எதிரே மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"மா, புக்கை ஏன் உல்டாவா வெச்சிருக்கே? எனக்கு சீதாவா, நேரா தெரியுது."

பைண்டர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, விரலை வைத்து அவளாகவே ஆரம்பித்தாள்.

"உத்... உத்தி... உத்திரத்தில். உத்திரம்னா?"

"கூரையைத் தாங்கற கட்டை."

"அச்சா. உத்திரத்தில்... இரு... இருந்து... அவள்..."

ஒரு வரியைக் கடக்கக் காபி ஆறிவிட்டது. நான் என்னையறியாமல் கண்ணை மூடியிருக்கிறேன். அவள் நிறுத்தியபோதுதான் திறந்தேன்.

"என்னம்மா, பயந்துட்டியா? நான் படிக்கற ஸ்பீடுக்கு அந்தப் பேயே தூங்கியிருக்கும்."

"நீ படி. எனக்கு அவசரமில்லை."

"காலேஜ் இருக்குமா. ஷாம் கோ... சாயங்காலம் பாக்கலாம்" என்று எழுந்து போனாள். போகும்போது, அந்தப் பெண் கீழே விழுவாளா மாட்டாளா என்று மட்டும் கேட்டாள். சொல்லவில்லை. முடிவைச் சொன்னால் நீ திட்டுவாய்.

அவள் போன பிறகு ஆறிய காபியைக் குடித்தேன். குளியலறைக் கோடு இப்போதும் வளைந்துதான் இருக்கும். இன்னும் சற்று நேரத்தில் கிளினிக் திறந்துவிடும். போன் செய்து, அவர்கள் தருகிற முதல் தேதிக்கே வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். கூட யாராவது வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். இவளைக் கூட்டிக்கொண்டு போவேன். சாயங்காலம் அவள் எதிரே உட்கார்ந்ததும் விஷயத்தைச் சொல்லிவிடுவேன். கிளினிக்கில் மருந்து விட்ட பிறகு எனக்கு எழுத்து தெரியாது. உன் புத்தகம் என் மடியில்தான் இருக்கும், இதே அத்தியாயத்தில். அவள் பக்கம் அது நேராக இருக்கும். சத்தமாக வாசிக்கச் சொல்வேன்.

அங்கே காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை எல்லாம் டிவியைப் பார்த்து வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் எனக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொள்வேன்.